‘பலித்தது’ என்று எழுதிய சீட்டு

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஓராண்டு கழித்து எழுதுகிறேன், கோபிக்காதே. செமாபோக்கில் உன் வீட்டைத் தாண்டும்போது பஸ்ஸின் மறுபக்கம்தான் இன்னும் பார்க்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, நர்ஸாக, இருந்தவள் நீ. இதை உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

என் மகள் பாமாவுக்கு இப்போது மூன்று வயது. மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், முடிந்த சில மாதங்களில் அவளுக்கு முகமும் காலும் வீங்கின. சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் புதிதாக வந்த ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது, கன்னம் மட்டும் உப்பியே நின்றது. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லோரும் கொஞ்சினார்கள். எனக்கு அந்தக் கன்னத்தின் மேல் நம்பிக்கையே வரவில்லை.

பாமாவைக் கப்பலில் ஊருக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வேண்டும் என்பது மாமியாரின் வேண்டுதல். கப்பலேற அம்மை குத்திய சீட்டு வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், காஜா பெராங் கிளினிக்குக்கு மாமியாரே தூக்கிப்போனார்.

அங்கே நடந்ததைப் பக்கத்து வீட்டு மங்களம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “பிள்ளைக்கு ஏதும் மருந்து குடுக்குறீங்களாம்மா?” என்று மிஸ்ஸி கேட்டிருக்கிறாள். மாமியார் காதில் விழுந்ததோ, சோற்றில் கலந்து ஆளை மயக்கும் மருந்து! “மருந்து வைக்கிற குடும்பமா லா நாங்க? யாரப் பாத்துக் கேக்குற?” என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறார். மிஸ்ஸி பயந்துபோய் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு குத்திவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா.

கொப்புளம் எழும்பியதா என்று காட்ட எட்டாம் நாளும் மாமியாரே கிளினிக்குக்குத் தூக்கிப்போனார். வீட்டில் நான் பார்த்தால் பாமாவின் கை வழுவழுவென்று கிடந்தது. கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. மாமியார் துடைத்துவிட்டாரோ? குத்திய மருந்தே வெயிலில் கெட்டதோ? சீட்டில் மட்டும், குத்தியது ‘பலித்தது’ என்று எழுதி முத்திரையும் விழுந்திருந்தது. கேட்டதற்கு, “அங்க ஒரே கூட்டம் லா. சட்டைக் கையைத் தூக்கிக்கூட பாக்கல, எழுதிக் குடுத்துட்டா” என்றார் மாமியார்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் மாறிவிட்டது. “வீக்கத்தை அடக்குற மாத்திரை, உடம்போட எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும்மா. குத்தியிருக்கவே கூடாது. புண் பரவாம விட்டதே பெரிசு” என்றார். கொப்புளம் எழும்பாததற்கு மாத்திரைதான் காரணமா என்று கேட்டேன். “இருக்கலாம். உறுதியா எனக்குத் தெரியாது” என்றார். இத்தனை பேரில் அவர் ஒருவரைத்தான் அப்போது நம்பினேன்.

வீட்டில் இவர், பாமாவின் அப்பா, எரிந்து விழுந்தார். “கப்பல்காரன் சீட்டத்தானே பாப்பான், கையையா பாக்கப்போறான்?”

“அம்மை சீட்டையா பாக்கும்?” என்றேன். ஊரில் அம்மை போட்டிருப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

சீட்டு வீட்டில் இருக்கும்வரை எனக்குப் பயம்தான். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டால்? மறுநாளே பாமாவோடு அதைக் கிளினிக்குக்கு எடுத்துப்போய், எழுதியதை அடித்துக் கொடுங்கள் என்றேன்.

“கெடச்சதை யாராச்சும் கெடுத்துக்குவாங்களா டீச்சர்?” என்றாள் மிஸ்ஸி. பாமாவின் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். சின்னப் பெண், அக்கா, கண் கலங்கிவிட்டது. ‘பலித்தது’ என்பதன் மேல் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

மாமியார் தனியாகக் கப்பலேறிவிட்டார். இவர் இன்னும் என்னோடு பேசவில்லை. நீயும் வரிசை நீண்ட நாளில் இப்படி எழுதியிருக்கிறாயா, அக்கா? ஒருமுறையாவது? கேட்கக் கூடாதுதான். ஆனால் மனம் இப்போது உன்னையும் விட்டுவைக்க மாட்டேன் என்கிறது.

மாத்திரை முடிந்து, டாக்டர் சரி சொன்ன பிறகு, நானே அவளைத் தூக்கிப்போவேன். கொப்புளம் எழும்பிக் காய்ந்து உதிரும்வரை தினமும் பார்ப்பேன். அதற்குமுன் யார் எழுதிக் கொடுத்தாலும், அது உன் கையெழுத்தாகவே இருந்தாலும், நம்ப மாட்டேன். இது சத்தியம்.

உன்னையும் சந்தேகப்பட்டுவிட்ட,
உன் தங்கை,
பாமாவின் அம்மா