காலை வெப்பநிலை

பிப்ரவரி 4, செவ்வாய்

சயோவுக்குச் சளி. மூன்று வயது மூக்கிலிருந்து இவ்வளவு வருமா? துடைக்கப் போனால், "அம்மா துடைச்சா வலிக்குது, நானே" என்று என் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொள்கிறாள்.

நாளை பத்து மணிக்கு ஹகாதாவில் ஒரு நூடுல்ஸ் கடையை மூடுகிறார்கள். அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி எல்லாம் மொத்தமாகப் போகும். மூடும் கடையில் வாங்கி, திறக்கும் கடைக்கு விற்பது என் பிழைப்பு. நேரில் போய் நின்றால்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் கப்பலில். வர மூன்று வாரம்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் காய்ச்சல் 37.9 டிகிரி. முப்பத்தேழரையைத் தாண்டினால் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். பின்பக்கம் வைக்கும் காய்ச்சல் மருந்தை வைத்தேன். காப்பக நோட்டில் 'காலை வெப்பநிலை' கட்டத்தில் 36.7 என்று எழுதினேன். ஷூ மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

கடையில், என்னைப் போலவே பழைய சாமான் வாங்கி விற்கும் குரோகி கிழவர் எனக்கு முன்னாலேயே நின்றார். "என்னம்மா, புள்ளைய விட்டுட்டு அடுப்பத் தூக்கிட்டுப் போக ஓடி வந்துட்டியா?" சிரித்துவைத்தேன்.

போன் அதிர்ந்தது. காப்பகம். விலை படியும் நேரம் - எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தபோது அடுப்பு என்னுடையதாகியிருந்தது. சயோவுக்கு 39.2.

ஓடிப் போனேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கும் ஹிராயாமா டீச்சர் இடுப்பு வளைத்துக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க, சயோவோட அம்மா. காலையில புள்ளைய வாங்கும்போதே நான் கவனிச்சிருக்கணும். என் தப்பு."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லைங்க." பரவாயில்லையாம்! மன்னிச்சு வேற விட்டேனாம் நான்!

பிப்ரவரி 6, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன், துருவிய ஆப்பிள் கொஞ்சம். காய்ச்சலுக்கு நெற்றியில் ஒட்டிய குளிர்ச்சிப் பட்டையைப் பிய்த்துப் பொம்மை முயலுக்கு ஒட்டினாள் சயோ. அதன் காதில் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"மருந்து வெச்சத டீச்சர்கிட்ட சொல்லக் கூடாது. என்ன?"

நேற்றுக் காலை ஷூ மாட்டிவிடும்போது நான் சொன்னது. என் குரல், என் இழுப்பு, அப்படியே.

பிப்ரவரி 7, வெள்ளி

காப்பகத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அங்கே வரும் ரிக்குவின் அம்மா நொகாமி செய்தி அனுப்பியிருக்கிறாள்: "ஹிராயாமா டீச்சர் விளக்கக் கடிதம் எழுதணுமாம். வயசாயிடுச்சுல்ல, காய்ச்சல் புள்ளையக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியல."

"பாவம்" என்று பதில் போட்டேன். த்தூ.

பிப்ரவரி 8, சனி

காய்ச்சல் விட்டது. அடுப்புக்கு நல்ல விலை வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பேரத்தில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறேன். உண்மை சொல்லத்தான் நாக்கு புரளவில்லை. தலைமை டீச்சர் அறையில், ஹிராயாமா டீச்சர் எதிரிலேயே சொன்னேன்: 37.9, மருந்து, போன் எடுக்காதது, எல்லாம். கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஹிராயாமா டீச்சர், "வீட்ல எழுதிக் குடுக்கறத நம்பித்தாங்க நான் புள்ளைய கையில வாங்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 12, புதன்

இன்றிலிருந்து வாசலிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் பார்க்கிறார்கள். வரிசை தெரு வரை. காற்று காதை அறுக்கிறது. காரணம் சொன்ன தலைமை டீச்சர் என் பெயரைச் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் நொகாமி. "எந்த மகராசி பொய் எழுதினாளோ, நாமெல்லாம் குளிர்ல நிக்கிறோம்! யாரா இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?"

சயோ என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

முன்னால் நாலைந்து தலைகள் திரும்பின. நொகாமி ரிக்குவை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்துபோனாள். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லும்வரை, அதை நிரப்பாமல் நின்றேன்.