வெள்ளிக்கிழமை கொடுத்த உறைமோர்

கண்ணு,

தளிப் பக்கமிருந்து காற்று வருகிறது. மண்வாசனையும் வந்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் இந்த வாசனை பிடிக்கும். எனக்கு மட்டும் பிடிக்காது. மழை பெய்தால் மேட்டிலிருக்கும் ஏதோ ஒரு கம்பெனி தன் கழிவை ஓடையில் திறந்துவிடும். எந்தக் கம்பெனி என்று இன்றுவரை யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. ஓடையில் நுரை வந்தால் கரையோரத்துப் போர்த் தண்ணீர் அத்தனையும் கெட்டுப்போகும். உனக்குத் தெரியாததா? ஆனால் போன மழைக்கு நீ இருந்தாய். இந்த மழைக்கு நீ இல்லை.

நம் எச்சரிக்கைப் போன் மறுபடி ஓடுகிறது. ஆனால் எல்லா வீடும் இன்னும் அதில் சேரவில்லை. மூலைவீட்டுக்காரி சேரவில்லை. என் மகன் கல்யாணத்தில் சாம்பார் ஆறிப்போனது என்று பந்தியிலிருந்து எழுந்து போனாளே, அவள்தான். போன தடவை நீயே போய் அவளைச் சேர்த்துவிட்டாய். அவள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உனக்கு முன்னால் நம் பெண்கள் சங்கத்தில் வேறு ஒரு போன் ஏற்பாடு இருந்தது. பெங்களூரில் யாரோ நடத்தினார்கள். மேட்டில் நுரையைப் பார்த்தவள் அதில் பேசினால் கீழே இருக்கிற வீடுகளுக்கெல்லாம் செய்தி போகும். ஒரு நாள் அவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பேத்தி கலாவின் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தபோதுதான் போன் செத்துப்போனதே எங்களுக்குத் தெரிந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. அவர்களை நான் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். ஓசூர்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், சொந்த ஊர் தெற்கே. சங்கத்து அறை என்று என் வீட்டு முன்னறையைத்தானே சொல்வோம். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரையும் சிம் போட்ட சின்னப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாய். இரண்டுக்கும் சேர்த்துப் பெட்டி என்றே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்.

"இத யாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

"யாரு யாரோ செஞ்சாக ஆயா. உலகம் பூரா இருக்காக. மூஞ்சி தெரியாதவுக."

"என்னா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். உள்ள எப்பிடி இருக்குன்னு தொறந்து பாக்கலாம், நமக்குத் தக்கன மாத்திக்கிடலாம். ஒரே பேச்சு, நாம மாத்துனத அடுத்தவுக கேட்டா ஒளிச்சு வைக்கக் கூடாது."

"மூஞ்சி காட்டாம சும்மா குடுக்கறவன நம்பச் சொல்றியா?"

கட்டற்ற மென்பொருள் என்று ஒரு பெயர் சொன்னாய். அது என் வாயில் நுழையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்கு உறைமோர் குடுக்கீகள்ல ஆயா, அதுதாம் இது" என்றாய். புரிந்துவிட்டது. பாலை உறைய வைக்க ஒரு கரண்டி மோர் கொடுத்தால் நம் சட்டி குறையாது. நம் மோர் கெட்டுப்போன நாளில் அவள் வீட்டிலிருந்து நம் மோரையே வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு என்னைப் பேசவைத்தாய். தமிழுக்கும் கன்னடத்துக்கும் நான், தெலுங்குக்கு எதிர்வீட்டுக்காரி. "இன்னிக்குப் போர்த் தண்ணி குடிக்காதீங்க, புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க." திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாய்.

"பயமுறுத்தாமச் சொல்லுங்க ஆயா."

"பயப்படட்டும்னுதானே சொல்றதே!"

மேட்டிலிருந்து பேச்சு வந்தால் நான் கேட்பேன். நிஜமென்று பட்டால் ஒன்றாம் நம்பரை அழுத்துவேன். எல்லா வீட்டிலும் என் குரல் போய் நிற்கும். போன மழைக்காலத்தில் ஒரு குழந்தைகூடப் படுக்கவில்லை.

இனி ரத்னம்மா கதைக்கு வருகிறேன். முகத்தைச் சுளிக்காதே. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு பெண்கள் சங்கம் நடத்துகிறவள். ஓசூரில் இரண்டு பக்கத்துச் சங்கமும் சேர்ந்து கூட்டம் போட்டபோது நான் எழுந்து பேசினேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம், "ஈ அஜ்ஜிகே ஏன் கொத்து?" என்றாள். இந்தக் கிழவிக்கு என்ன தெரியும் என்று. தளியில் பிறந்தவளுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டாள். அந்த முகம், அந்தப் பச்சைச் சேலை, வாயிலிருந்த பாக்கு எல்லாம் அப்படியே எனக்குள் இருக்கிறது.

அவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை, நான் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிய நேரத்தில், நம் போன் ஏற்பாட்டைக் கேட்டு உன்னைத் தேடி வந்தாள். நீ ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் போட்டுச் சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்பினாய். அவள் தெருமுனை தாண்டும்வரை நான் பொறுத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம விளக்கு வெச்ச பொறவு உறைமோரே குடுக்க மாட்டோம். ஊட்டு லட்சுமி கூடவே போயிடுவா. நீ பொட்டியையே தூக்கிக் குடுக்கறியா?"

"பெட்டி இங்கனதான ஆயா இருக்கு. நகலத்தான குடுத்தேன்."

"நம்ம சனங்க நம்பருங்க?"

"அத ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். மோரு குடுக்கலாம், வீட்டுச் சாவி குடுக்கலாமா?"

"குடுக்கறதுதான் குடுத்த, அவளுக்கா குடுக்கணும்?"

அப்போது நீ சிரிக்கவில்லை. "அவுக ஏரிலயும் நுரை வருது ஆயா. அந்தப் புள்ளைகளும் தண்ணிதான குடிக்குது" என்றாய். சில நாள் நான் உன்னோடு பேசவில்லை. இப்போதும் சொல்கிறேன், வேறு கிழமையில் கொடுத்திருக்கலாம்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். சாதாரணக் காய்ச்சல்தான் என்றாய். அப்புறம் உன் போனிலிருந்து உன் தம்பிதான் பேசினான், நீ போய்விட்டாய் என்று. அந்தப் பொய்க்காக உன்மேல் எனக்கு இருக்கிற கோபமும் போகவில்லை.

நீ போன பிறகும் பெட்டி ஓடியது. அதன் காற்றாடிச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. பெட்டியில் கருகல் வாடை. நீ எடுத்துவைத்த நகலும் அதே பெட்டியில்தான் சொருகியிருந்தது. ஒன்றை எடுத்துத் தனியாக வைக்க நம்மில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டு கெலமங்கலம் போனேன். கம்ப்யூட்டர்க் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டுமே போயிடுச்சுங்க" என்றார்.

செய்தி எப்படித்தான் பரவுமோ, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்தார். அவர்களிடம் ஒரு ஆப் இருக்கிறதாம். "எல்லாம் எங்க சர்வர்லயே இருக்கும். நீங்க எதையும் பாக்க வேணாம், கவலையே வேணாம்."

"நொர வர்ற அன்னிக்கு உங்க சர்வர் தூங்கிட்டா யார எழுப்பறது?" என்றேன். அவர் என் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். சங்கத்தில் பாதிப்பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரத்னம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரு?"

"கெலமங்கலம் பக்கத்துச் சங்கத்து அஜ்ஜி. ஒண்ணும் தெரியாதே, அந்த அஜ்ஜி."

பாக்கைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதெல்லாம் இன்னும் நெனப்புல இருக்குதா?" என்றாள்.

"சாகற வரைக்கும் இருக்கும். எங்க பொட்டி கருகிப்போச்சு. அந்தப் பொண்ணு உங்குளுக்குக் குடுத்தது இருக்குதா?"

"இருக்குது அஜ்ஜி. நானே எடுத்துட்டு வர்றேன்."

அவளுக்குத் தோதுப்பட்ட நாள் வெள்ளிக்கிழமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு எல்லையில் லாரிகள் தேங்கி நின்று பஸ் நகரவில்லை. பொழுது இறங்கிவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாகிவிட்டது. நான் திரியைப் போட்டு, எண்ணெயை ஊற்றிவிட்டுத் தீக்குச்சியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஏன் அத்தை, ஏத்தலையா?" என்றாள் மருமகள்.

"ஏத்திட்டா அவ எப்படிக் குடுப்பா?"

ரத்னம்மா வந்தாள். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். "விளக்கு வெச்சாச்சா அஜ்ஜி?" என்றாள். வழியெல்லாம் அவளுக்கும் அதே பயம்.

"வெக்கல. சீக்கிரம் உள்ள வா."

கடைக்காரர் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அவளே எல்லாவற்றையும் ஏற்றினாள். நீ சொல்லிக்கொடுத்தாயாம். அவர்கள் ஒன்று கூட்டியும் வைத்திருக்கிறார்கள்: யாராவது போனை எடுக்காவிட்டால் மறுபடி தானே கூப்பிடுகிறது. நம்முடையதில் அது இல்லை. தமிழுக்கு என் குரல் அப்படியே இருக்கிறது. கன்னடத்தில் மட்டும் என்னை எடுத்துவிட்டுத் தன் குரலைப் போட்டிருக்கிறாள். இதையும் நான் மறக்கமாட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"ஆயா, கேக்குதா?"

நீ. முதல் நாள் நீ பேசிப் பார்த்தது. மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரத்னம்மா என்னைப் பார்க்காமல், "அழிக்க மனசு வர்ல அஜ்ஜி" என்றாள். நான் எழுந்துபோய் விளக்கை ஏற்றினேன். அவளுக்குச் சோறு போட்டேன். சாம்பார் சூடாகவே இருந்தது.

மோர் திரும்பி வந்துவிட்டது. சாவி வரவில்லை. நம் ஜனங்களின் நம்பர் எல்லாம் கருகினது கருகினதுதான். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால்தான் பெட்டிக்கு அந்த வீடு தெரியும். சந்தையில் நின்று கேட்டேன், ரேஷன் கடையில் நின்று கேட்டேன். கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று போய்விடுகிறார்கள். மழை அதற்காகக் காத்திருக்குமா?

நேற்று சாமல்பட்டியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவர்களுக்கும் இது வேண்டுமாம், வெள்ளிக்கிழமை வரட்டுமா என்றாள். "வெள்ளி வேணாம் கண்ணு. வேற எந்நாள்னாலும் வா, பொழுதோட வா" என்றேன். நகல் ஒன்றை எடுத்து, பெட்டியை விட்டுத் தள்ளி, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

இதோ, தூறல் விழுந்துவிட்டது. மேட்டிலிருந்து இன்னும் பேச்சு வரவில்லை. போன் என் இடுப்பில்தான் இருக்கிறது, தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். மூலைவீட்டுக்காரியிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லை. மருமகளை அனுப்பினேன், "கேக்கணும்னா உங்க அத்தை வந்து கேக்கட்டும்" என்றாளாம். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போனவள் வாசலில் நான் போய் நிற்க வேண்டுமாம்.

அந்தப் புள்ளைகளும் தண்ணிதான குடிக்குது என்கிறாய். கேட்கிறது, கேட்கிறது. செருப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.