சாவி தொங்கிய ஆணி

ஜனவரி 9, வியாழன்

குழாய் ரிப்பேர்க்காரர் இன்றும் வரவில்லை. ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

துணிக்கடைக்குத்தான். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. அங்கே வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் மாதம் ஒருமுறை போய் ஆணியைப் பார்க்காவிட்டால் எனக்குச் சரிப்படாது. கிடங்கு அறைச் சுவரில், தோள் உயரத்தில் ஓர் ஆணி. அதில் கழிவறைச் சாவி. யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டு போகலாம், வந்து மாட்டலாம். நகரமன்ற விதியின் மூன்றாம் பிரிவு அதுதான்: 'பணியாளர் எவருடைய அனுமதியுமின்றி எடுக்கக்கூடிய இடத்தில் சாவி தொங்க வேண்டும்.' மற்றப் பிரிவுகளை எங்கள் வீட்டு வக்கீல் எழுதினான். இந்த ஒரு வரி நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியது.

ஊரில் அதற்கு ஆணிச் சட்டம் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர். நான் அதைக் கழற்றிவிடவில்லை.

என்னைக் கண்டதும் விற்பனைப் பெண்களில் ஒருத்தி, "ஆணியம்மா வந்தாச்சு, போகாதவங்க எல்லாம் ஒரு தடவை போயிட்டு வந்துடுங்கடி" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விற்பனை மேசைக்குப் பின்னால் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. மதியத்துக்குள் எல்லாமே காலி. எனக்கு அது போதும்.

ஜனவரி 17, வெள்ளி

வக்கீல் போன் செய்தான். தங்கை மகன், தங்கை போன பிறகு என் வீட்டில் இருந்து படித்தவன். நகரமன்றத்தில் உட்கார்ந்து எங்கள் விதியை நிறைவேற்றியதும் அவன்தான். அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டான், நானும் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், இப்போது சட்டமன்றத்தில் இருக்கிறான்.

ஆணிச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் வரப்போகிறதாம். மசோதாவை அவனே கொண்டுவருகிறானாம். சட்டமன்றக் குழு முன்னால் நான் வந்து பேச வேண்டுமாம்.

தங்கை நினைவாகவே இருந்தது. நானும் அவளும் ஒரே கடையில் ஒரே மாடியில் நின்றவர்கள். அப்போது சாவி முதலாளி மேசையில் இருக்கும். தொலைந்துவிடக் கூடாதென்று உடைந்த முழக்கோல் துண்டு ஒன்றை அதில் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். "இப்பத்தானே போன?" என்று சூப்பர்வைசர் கேட்பார். நான் வேண்டுமென்றே கடை முழுக்கக் கேட்கும்படி, "ஐயா, கக்கூஸ் சாவி குடுங்க" என்பேன். அவருக்குத்தான் முகம் சிவக்கும். தங்கை அப்படியில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சிறுநீரகம் கெட்டுப்போய் மருத்துவமனையில் கிடந்தபோதும் செவிலியைக் கூப்பிடக் கூச்சப்பட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

போய்ப் பேசிவிட்டு வந்தேன். நீளமான மேசை, ஆளுக்கு ஒரு மைக். ஓர் உறுப்பினர் நன்றாகத் தூங்கினார். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்று ஆரம்பித்தேன். கட்டையைப் பற்றிச் சொன்னபோது தூங்கியவரும் விழித்துக்கொண்டார். தங்கையைப் பற்றிச் சொன்னேன். வக்கீல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே போவதற்கு முன் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசில ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லிடுங்க, பெரியம்மா. ஊருக்கு ஊர் ஒரு விதி வேண்டாம், மாநிலத்துக்கே ஒரே சட்டம் போதும்னு. அதுதான் முக்கியம்" என்றான். சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். குறிப்பெடுப்பவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

மசோதாவின் நகலைக் கேட்டேன். இன்னும் அச்சில் இருக்கிறது என்றான். "நம்ம விதிதான், அப்படியே."

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் விடாதவள் நான். சரி, நம்ம பிள்ளைதானே.

பிப்ரவரி 4

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம்.

மார்ச் 11, செவ்வாய்

நிறைவேறிவிட்டது.

பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசை. வக்கீல் எழுந்து, மேலே என் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார், இந்தச் சட்டம் அவர் போட்ட பிச்சை என்றான். கீழே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். மாடத்தில் தட்டக் கூடாதும்மா என்று காவலர் தோளைத் தொட்டார். தட்டிக்கொண்டேதான் இருந்தேன். என்ன செய்துவிடுவார், தூக்கி வெளியே போடுவாரா?

எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள். வணிகர் சங்கத் தலைவர் எனக்கு மூன்று இருக்கை தள்ளி இருந்தார். அவரும் தட்டினார். எங்கள் நகர விதியை எதிர்த்துக் கடையடைப்பு நடத்திய அதே ஆள். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஆணி காலி.

யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, கடைசியாகச் சேர்ந்த பெண் என்னைப் பார்க்காமலேயே, "சாவி மேல இருக்கும்மா, முதலாளி மேசையில" என்றாள். ஆணியம்மா என்று யாரும் கூப்பிடவில்லை.

மேலே போனேன். பழைய முதலாளியின் மகன், மரியாதை தெரிந்தவன். எழுந்து நாற்காலி போட்டான். மேசைமேல் சாவி. அதில் ஒரு மரக்கட்டை. புதுக் கட்டை, பாலிஷ் போட்டது.

"நான் சட்டத்தை மீறலம்மா. உங்க பிள்ளை போட்ட சட்டம்தான் இது" என்று அச்சடித்த பிரதியை என் பக்கம் நகர்த்தினான்.

அங்கிருந்து நேராக நகரமன்ற அலுவலகம். ஆணிச் சட்டத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்த அதே எழுத்தர்தான் இருந்தார். நம்ம விதி இனிமேல் செல்லாது என்றார். அப்படியானால் மறுபடி ஒரு விதி போடுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போடக் கூடாதுன்னும் புதுச் சட்டத்துல போட்டிருக்கேம்மா."

மார்ச் 21

அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தேன். நான் சட்டம் படிப்பது அப்படித்தான், யாரும் சொல்லித் தந்ததில்லை. புரியாத சொல்லுக்கு அகராதி.

இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. கடைகளில் கழிவறை இருக்க வேண்டும். நல்லது. கதவு, தாழ்ப்பாள், தண்ணீர். நல்லது. ஐந்தாம் பிரிவு: 'பணியாளர் கோரும்போது சாவி வழங்கப்படுதல் வேண்டும்.' கோரும்போது. பதினான்காம் பிரிவு: 'இப்பொருள் குறித்து உள்ளாட்சி அமைப்புகள் இயற்றிய விதிகள் யாவும் செல்லாதனவாகும், புதிதாக எதுவும் இயற்றலாகாது.'

கடைசிப் பக்கத்தில் காரணங்கள். பதினான்காம் பிரிவுக்குக் காரணம்: 'நகர விதியின் முன்னோடியான மூத்த பெண்மணியே குழு முன் வலியுறுத்தியபடி, ஊருக்கு ஊர் தனி விதி வேண்டியதில்லை.'

என் வார்த்தை. என் வாயால் சொன்னது. என் விதியைக் கொல்ல என்னையே கூட்டிப் போயிருக்கான். நெஞ்சில் கை வச்சு வேற சொன்னேனே. நான் கைதட்டினேனே — அத்தனை பேர் பார்க்க எழுந்து நின்னு கைதட்டினேனே!

மார்ச் 23, ஞாயிறு

மூன்று தடவை அடித்த பிறகுதான் போனை எடுத்தான். குரல் தெரிந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு. கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னான். இரு, நானும் இருக்கேன் என்றேன்.

பிறகு வாதம் பண்ணினான். நன்றாகவே பண்ணுவான், தெரியுமே. நம் ஊரில் இருப்பது நாற்பது கடை. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பெண்களுக்குக் கழிவறையே கிடையாது. வணிகர் சங்கம் ஒத்துக்கொள்ளாமல் மசோதா நகராது. அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு பிரிவு. கொடுத்தான், மீதியை வாங்கினான். அரசியல் என்றால் அதுதானாம்.

"விட்டுக்குடுக்கறதுன்னா உன்னோடத விடணும்டா. நீ என்னோடத எடுத்து நீட்டிட்டு வந்திருக்க. முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க வந்து பேசியிருக்க மாட்டீங்க, பெரியம்மா."

ஒளிக்கவில்லை. அது ஒன்றுக்காக அவனைப் பாராட்டலாம் என்று தோன்றியது. அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டான்.

"சாவிதானே, பெரியம்மா. கேட்டா குடுக்கப் போறாங்க."

உங்கம்மா கேட்டாளா என்றேன்.

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24

போன் அடித்தது. எடுக்கவில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தையல் கூடத்தில் வேலை, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. என்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று வந்தாளாம். அவர்கள் ஊரில் இத்தனை நாளும் பாலத்துக்கு அடியில்தான் போய்வந்தார்களாம், அதுவும் இரண்டு பேராக, ஒருத்தி காவலுக்கு. இந்தச் சட்டம் வந்த பிறகு கூடத்துப் பின்புறம் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். சுவர் எழும்பிவிட்டது, கதவு மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.

"முதலாளிகிட்டதான்க்கா. கேட்டா குடுப்பாரு. இல்லாததுக்கு இது எவ்வளவோ தேவலையே."

அவள் சொன்னது பொய்யில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். அத்தனை தூரத்திலிருந்து எப்படி வந்தாய் என்றதும் டம்ளரையே பார்த்தாள். எம்.எல்.ஏ. ஐயாதான் கார் அனுப்பினாராம்.

பாவம், அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவள் நன்றி உண்மையானதுதான். அதையும் கருவியாக்கி என்மேல் ஏவுகிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்னும் எத்தனை பேரை அனுப்புவான்?

அவளுக்குக் கழிவறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்ல மாட்டேன். கழிவறையும் வேண்டும், ஆணியும் வேண்டும். இதில் எது அதிகப்படி?

ஏப்ரல் 27, ஞாயிறு

வந்தான். சொல்லாமல் வந்தான், கட்சிக்காரர்கள் நான்கு பேரோடு. அடுத்த தெருவில் கூட்டமாம். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். இளைத்திருக்கிறான். ஏனென்று நான் கேட்கவில்லை.

குழாய் ஒழுகுவதைப் பார்த்து, ஆள் அனுப்பட்டுமா என்றான். வேண்டாம், எனக்கு என் ஆள் வருவார் என்றேன். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

சட்டத்தில் பின்னால் திருத்தம் கொண்டுவரலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றான். எப்போது என்றேன். தேர்தலுக்குப் பிறகு என்றான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்பக்கம் போனான். எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுமுற்றத்தில்தான் கழிவறை. ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு பூட்டு. என் வீட்டுக் கழிவறைச் சாவி சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கும். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அவன் கைக்குத் தெரிந்த இடம். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான்.

ஆணி காலி.

சுவரைத் தடவினான். கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது என் இடுப்பில் செருகியிருந்த சாவி அவன் கண்ணில் பட்டது. நான் மறைக்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

"கேட்டா குடுக்கப் போறேன்" என்றேன். சத்தம் போடவில்லை. வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

நின்றான். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று என் இடது கை இடுப்பருகே போய்விட்டது. அதை அவன் பார்த்தானா, தெரியாது. ஒரு வார்த்தை. கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கேட்கவில்லை. முகம் சிவந்து, "வரேன், பெரியம்மா" என்று போய்விட்டான். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்படியே அவன் அம்மா.

ஏப்ரல் 28

கூட்டத்தில் சீக்கிரம் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டானாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். என் வீட்டில் அது தொங்கத்தான் வேண்டும்.

மே 15, வியாழன்

நல்ல வெயில். ஒரு மாதமாக மழை இல்லை. தெருவில் மரங்கள் எல்லாம் இலை சுருண்டு நிற்கின்றன.

கடை மூடும் நேரத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை, போனால் அந்தப் பெண்களுக்குத்தான் சங்கடம். எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தப் பலகையில் உட்கார்ந்தேன். கடைசியாகச் சேர்ந்த அந்தச் சின்னப் பெண்தான் முதலில் வெளியே வந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நிறைய இருந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கடை வாசலில் இருக்கும் மரத்தடியில் கவிழ்த்தாள். காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டில் அம்மா பாட்டிலைத் திறந்து பார்ப்பாளாக இருக்கும்.

அடுத்தவள் வந்தாள். அவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். ஒருவருக்கொருவர் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு தெருவைக் கடந்து போய்ப் பார்த்தேன். அடியில் மண் குளிர்ந்து கிடந்தது. இந்தத் தெருவிலேயே அந்த ஒரு மரம்தான் புதுத் தளிர் விட்டிருக்கிறது.