முடிவெட்ட மறுத்த வழக்கில் ராஜி

ஏனாத்தூர், காஞ்சிபுரம்
14-3-1973

அன்பு மகள் லோகாம்பாளுக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன்னுடைய மூன்று கடிதமும் வந்தது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கேஸ் என்ன ஆயிற்று என்று மூன்றிலும் கேட்டிருந்தாய். தை மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் சமாதானம் என்று எழுதிக்கொடுத்து, ராஜி ஆகி முடிந்துவிட்டது. அதை உனக்கு எழுத எனக்கு ஒரு மாதம் கை வரவில்லை. நீ டெல்லியில் சர்க்கார் ஆபீசில் சட்ட நகல்களை டைப் அடிக்கிறவள், உனக்குத் தெரியாததா. ஆனால் இங்கே நடந்தது எதுவும் அந்தக் காகிதங்களில் வராது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஆவணி மாதத்தில் உன் தம்பி பரசுராமனுக்குக் கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது உனக்குத் தெரியும். நம் தெருக்காரர்கள் எப்போதும் டவுனுக்குப் போய்த்தான் முடிவெட்டிக்கொள்வார்கள். அன்று காலையில் நேரமில்லை, பஸ் நிறுத்தத்திலேயே வீரபாகுவின் சலூன் இருக்கிறதே, சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதே என்று உன் தம்பி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வீரபாகு மறுக்கவில்லை. துணியை உதறி அவன் கழுத்தில் கட்டிவிட்டான், சீப்பையும் எடுத்துவிட்டான். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாணிக்கவாசகம்தான், அந்தக் கடை நிற்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர், தலையைத் தூக்காமலே, "வீரபாகு, உனுக்குக் கட வேணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். வீரபாகு துணியை அவிழ்த்து நாலாக மடித்தான். "தம்பி, நீ டவுனுக்கே போய் வெட்டிக்கினு வாப்பா" என்றான். உன் தம்பியின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. பரசுராமன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அந்தத் தலையோடுதான் இன்டர்வியூவுக்குப் போனான், தேர்வும் ஆனான், போலீஸ் சர்டிபிகேட் வந்ததும் வேலை என்றார்கள்.

அதோடு விட்டிருந்தால் விட்டிருக்கலாம். உன் அப்பா அப்போதே சொன்னார், "நம்ம தெருவுக்குப் போற வழியே அவரு நிலத்துலதான் இருக்குது, வேணாம்மா" என்று. நான்தான் உனக்கு எழுதினேன். நீ நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினாய். தீண்டாமையை ஒழித்தாயிற்று என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, கடையில் நுழைந்தவனுக்கு வேலை செய்ய மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை, வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம், தூண்டிவிட்டவனுக்கும் அதே தண்டனை, நம் ஆளுக்கு மறுத்தாலே தீண்டாமையால்தான் மறுத்தான் என்று கோர்ட்டே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். வார்டில் வேலை முடிந்து உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன் லோகா. எட்டாவது வரைக்கும் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது போல இருந்தது. பரசுராமனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். முடிவெட்டாததற்கெல்லாம் ஒரு கேஸா என்று எஸ்.ஐ. சிரித்தார். நாலு நாள் நடந்தபிறகு எழுதிக்கொண்டார். எழுதியதில் வீரபாகு பெயர் மட்டும் இருந்தது. மாணிக்கவாசகம் சொன்னதை என் காதால் கேட்டேன் என்றேன். "கத்தரி புடிச்சவன் அவன்மா. சும்மா பேப்பர் படிச்சிக்கினு இருந்தவர எந்த செக்‌ஷன்ல போடறது?" என்றார். நான் உன் கடிதத்தை எடுத்து அந்த செக்‌ஷனைக் காட்டினேன். வாங்கிப் படித்தார், படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

மறுநாளே எதிர் கேஸ் வந்தது. பரசுராமன் சலூன் கண்ணாடியை உடைத்தான், சவரக் கத்தியைக் காட்டி மிரட்டினான் என்று வீரபாகு கையெழுத்துப் போட்ட புகார். எங்கள் புகாருக்கு நாலு நாள் நடக்கவைத்த அதே ஸ்டேஷன் இதை அரைமணியில் பதிந்துகொண்டது. அதற்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் வீரபாகுவின் மனைவி அம்சா வார்டுக்கே என்னைத் தேடி வந்தாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்தில் அவள் துணியெல்லாம் அலசியவள் நான். "அக்கா, கண்ணாடிய ஒடச்சது மாணிக்கவாசகத்தோட ஆளுங்க. எங்க வூட்டுக்காரர உக்கார வெச்சி கையெழுத்து வாங்கினாங்க. அவரு ஜெயிலுக்குப் போனா நான் கொழந்தைங்கள வெச்சிக்கினு இன்னா பண்றது? ராஜி ஆயிட்டா ரெண்டு கேசும் போயிடும்னு வக்கீலு சொல்றாரு" என்று அழுதாள். இதை உன் வீட்டுக்காரர் கோர்ட்டில் சொல்வாரா என்று கேட்டேன். "சொன்னா கட இருக்காதுக்கா" என்றாள். அவளிடம் எனக்குக் கோபமே வரவில்லை. கூண்டில் நிற்பதற்கு நாங்கள் பிடித்துக்கொடுத்தது எங்களைப் போல இன்னொருத்தனைத்தான் என்று தெரிந்துபோனது.

இந்த ராஜி விஷயத்தை நீ எழுதவில்லை லோகா. அந்தத் தீண்டாமைச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறதாம், கோர்ட்டு அனுமதித்தால் எந்தக் குற்றத்தையும் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று. எங்கள் கேசை நடத்த வேண்டிய சர்க்கார் வக்கீலே அதைத்தான் சொன்னார். பையன் பேரில் கேஸ் இருந்தால் வேலை கிடைக்காது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். கோர்ட்டு வராந்தாவில் பரசுராமன் என்னிடம், "நான் கையெழுத்து போட மாட்டேம்மா. போட்டா அன்னிக்கி ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்" என்றான். நான் அவனை விடவில்லை. வேலை போய்விடும், அப்பா மில்லில் இன்னும் எத்தனை வருஷம் மூட்டை தூக்குவார் என்றெல்லாம் சொல்லி அழுது கையெழுத்துப் போடவைத்தேன். மாஜிஸ்திரேட் நல்ல மாதிரியான மனிதர். "உன்ன யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று சொல்லிவிட்டான். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மாணிக்கவாசகத்தை அந்த கோர்ட்டு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

பலன் என்ன என்று கேட்பாய். போலீஸ் சர்டிபிகேட்டில் வழக்கில் சம்பந்தப்பட்டவர், ராஜியில் முடிந்தது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் பஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, இடம் அடுத்தவனுக்குப் போய்விட்டது. கோர்ட்டு ஏறின ஆள் வேண்டாம் என்று வீரபாகுவையும் மாணிக்கவாசகம் பத்து நாளில் காலி செய்யவைத்துவிட்டார். வாலாஜாபாத் சந்தையில் மரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறானாம். இங்கே அதே கடையில் புது ஆள், புது நாற்காலி. வெளியே ஒரு போர்டு, சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்று. சங்கம் என்று வைத்துவிட்டால் அது எல்லோருக்குமான கடை இல்லை, சட்டம் பிடிக்காது என்று யாரோ வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இனிமேல் யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தால் எங்கள் ஊரில் யாராவது ஏதாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அது மாணிக்கவாசகம்தான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. என்னை ஒருத்தன் அடித்தால் நானும் அவனும் சமாதானம் ஆகலாம், அது எங்கள் இருவர் விவகாரம். இது தேசமே சேர்ந்து ஒழித்துவிட்டதாக எழுதிவைத்த குற்றம். அதை மன்னித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட பரசுராமன் யார்? அவனைப் போடச் சொல்ல நான் யார்? ராஜி என்றால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நிலம், வக்கீல், எங்கள் தெருவுக்கான வழி. இன்னொரு பக்கம் வேலைக்குக் காத்திருக்கிற ஒரு பையன். இந்த வரியை எழுதியவர்கள் எங்களைப் போல ஒருத்தியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள், எங்கள் ஆபீசில் அதுதான் பேச்சு என்று எழுதியிருந்தாயே, யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் பெயரை மறைக்க வேண்டாம். ஆறு மாதத்தை ஆறு வருஷமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்.

உனக்கு இது ஐந்தாவது மாதம். ஊசி போட்டுக்கொள்ளாமல் நாளைக் கடத்தாதே, இத்தனை பிரசவம் பார்த்தவள் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும், வரப்போகிற குழந்தையும் யாருக்கும் தலைகுனியாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார். மறக்காமல் ஒன்று செய். கோர்ட்டிலிருந்து வந்த நாள் முதல் பரசுராமன் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அன்றைக்கு நடந்தது நடந்ததுதான், அம்மா செய்தது தப்பு என்று எழுது. அம்மாவே சொல்லித்தான் எழுதுகிறேன் என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்மாள்