நூற்றில் அறுபது இல்லை, அப்பா

முத்தையாபுரத்தில் ஓர் ஆலைக்குள் இன்று சத்தம் அளக்கப் போயிருந்தேன். கருவியில் தொண்ணூற்று மூன்று டெசிபெல்; சட்டப்படி தொண்ணூறைத் தாண்டக் கூடாது. "தொண்ணூறுக்கு மேல மூணுதான கூட, விடுங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர். மூன்று கூடினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது அப்பா.

விசைப்படகில் இஞ்சின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர் நீங்கள். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்து, அறுபது டெசிபெல் குறை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் உங்களுக்கு ஒரே தெம்பு.

"ஏளா, நூத்துல அறுபதுதான போச்சு? நாப்பது இருக்குல்லா. கடலுக்குப் போவப் போதும்."

எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆனால் படகில் ஒருவன் 'கயிறு, கயிறு' என்று கத்தி, அது உங்கள் காதில் விழாமல் போனால்? சொல்லிவிட்டேன். இது நூற்றுக் கணக்கு இல்லை, பெருக்குக் கணக்கு. பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு. அறுபது என்றால் பத்து லட்சம். நல்ல காதுக்குக் கேட்கும் மெல்லிய சத்தம் பத்து லட்சம் மடங்கு பெருத்தால்தான் உங்களுக்கு எட்டும்.

"அப்பக் கடலு முடிஞ்சுது" என்றீர்கள்.

அதோடு பேச்சும் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த, காதில் மாட்டும் மிஷினையும் நீங்கள் தொடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். அடுப்படியிலிருந்து நான் போடும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கடலைப் பறித்ததுமில்லாமல் அப்பாவையும் தொலைத்துவிட்டேனே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் நீங்களே கையைக் காட்டினீர்கள். "கத்தாத ஏளா. கிட்ட வா. இஞ்சின் ஓடயில நாங்க அப்படித்தான் பேசுவோம்."

கணக்கு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. தூரம் பாதியானால் காதில் விழும் சக்தி நான்கு மடங்கு. மறுபடி பாதியானால் பதினாறு. அன்று முதல் தட்டோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். படகுக் கதையெல்லாம் அப்புறம்தான் சொன்னீர்கள்.

கடைசி நாளில் உங்கள் காதில் வாயை வைத்துப் பேசினேன். கட்டிலின் மறுபுறம் நின்ற அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் தலையசைத்தீர்கள்.

இப்போதெல்லாம் நான் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால் குரலை உயர்த்துவதில்லை அப்பா. எழுந்து பக்கத்தில் போகிறேன்.