நாலு பேருக்கான லண்டன்

அம்மா,

நேற்று சாயங்காலம் நம் வீட்டுக் கூடம் முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. தம்பியின் பிள்ளை குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். பள்ளி விடுமுறையில் குழந்தைகளை வியன்னாவுக்கு அழைத்துப் போகிறார்களாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கம்பளிச் சட்டைகளை உதறி, எது யாருக்குச் சேரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்?" என்று கேட்டேன்.

அவன் மனைவி நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க ரொம்ப நடக்கணும் அத்தே. உங்க காலோட எதுக்குக் கஷ்டம்? தினம் வீடியோ கால்ல எல்லாம் காட்டறோம், ஆயித்தா?" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "எனக்கும் ஒரு டிக்கெட் போடு" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாசனை பின்னாலேயே வந்தது. கூடவே நீயும் வந்தாய்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் அவரை ஒரு வருஷப் பயிற்சிக்கு லண்டனுக்கு அனுப்பினார்கள். கோடை விடுமுறையில் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மைசூரில் நம் தெருவில் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன என் இடது காலுக்கு இரும்புப் பட்டை வைத்த கனமான பூட்ஸ். அதை இழுத்து இழுத்து நடக்கும் சத்தத்தை வைத்தே நான் வீட்டில் எங்கே இருக்கிறேன் என்று நீ சொல்லிவிடுவாய்.

அப்பா கப்பலேறக் கிளம்பிய அன்று காலை, நான் கதவுக்குப் பின்னால் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் உன்னிடம் சொன்னார்: "சின்னவனை மட்டும் அழைச்சுண்டு வா. அவளை மேல்கோட்டையில அண்ணா ஆத்துல விட்டுடு. கப்பல்ல ஏணி ஏறணும், அங்க போனா நாளெல்லாம் நடக்கணும். பாவம், குழந்தையைப் படுத்தாதே."

நீ டிகாக்ஷன் இறங்கிவிட்டதா என்று ஃபில்டரைத் தட்டிப் பார்த்தாய். அப்பா உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வண்டியேறினார். அவர் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும் அந்தத் தப்பைச் செய்தார்.

மறுநாளே உன் தம்பி வந்தார். பெங்களூரில் அலைந்து பாஸ்போர்ட்டும் கப்பலில் மூன்று பேருக்கு இடமும் வாங்கித் தந்தது அந்த மாமாதான். அடுத்த வாரம் உன் காதில் வைரத் தோடு இல்லை, சிவப்புக் கல் தோடு இருந்தது. கப்பலில் என் படுக்கை உன் காதிலிருந்து வந்தது என்பது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

அப்பா விட்டுப் போன லண்டன் வரைபடத்தைக் கூடத்தில் விரித்தாய். உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நான் இடங்களின் பெயர்களைப் படிக்கப் படிக்க நீ அங்கங்கே புளியங்கொட்டை வைத்தாய். இங்கே அரண்மனை, இங்கே ஆறு, இங்கே மிருகக்காட்சிசாலை. பஸ் போகாத இடத்தில் வைத்த கொட்டையை எடுத்துவிட்டாய். தம்பி ஒரு பழைய கோட்டையைக் காட்டி அடம்பிடித்தான். அதன் உச்சிக்குப் படிகள் மட்டும்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நாலு பேரும் போக முடியாத எடத்துக்கு ஒருத்தரும் போக வேண்டாம்" என்றாய்.

"அவளாலதான் முடியாது, என்னால முடியுமே!"

"அப்போ நீயும் அவளும் கீழ உக்காந்து கோட்டையை அண்ணாந்து பாருங்கோ. கட்டினவன் அண்ணாந்து பாக்கத்தான் கட்டினான்."

குளிருக்குப் பூட்ஸ் இல்லாமல் முடியாது என்று பக்கத்துத் தெரு டீச்சர் சொன்னாள். அவளிடம்தான் நீ கம்பளி பின்னக் கற்றுக்கொண்டிருந்தாய். என் பூட்ஸைத் தைத்தவரிடமே போய் உனக்கும் ஒரு ஜோடி தைக்கச் சொன்னாய். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் நடந்தவள் நீ. மடிசாருக்குக் கீழே கறுப்புப் பூட்ஸோடு கொல்லைப்புறத்தில் அங்கும் இங்கும் நடந்தாய். குதிகால் கொப்புளித்து, நொண்டி நொண்டி நடந்தாய். அண்டை வீட்டு மதில்மேல் தலைகள் முளைத்தன. "ஏனு மாமி, மிலிட்டரி சேர்ந்துட்டேளா?" என்று ஒருத்தி கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள். நான் வெட்கத்தில் உள்ளே போகப் பார்த்தேன். நீ என்னைக் கூப்பிட்டுக் கைகோத்துக்கொண்டாய்.

"பாருடி, ரெண்டு பேரும் இப்போ ஒரே நடைதான்" என்றாய். மதில் பக்கம் திரும்பி, "நன்னாப் பாத்துக்கோங்கோ, நாளைக்கும் நடப்போம்" என்றாய்.

தினமும் மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நம் ஒத்திகை. முதல் நாள் பாதியில் நின்று, "அம்மா, உக்காரட்டுமா?" என்று கேட்டேன்.

"உக்காரணும்னா உக்காரு. யாரையும் கேக்காதே. கேட்டா, வேண்டாம்னு சொல்றதுக்கு அவாளுக்கு ஒரு எடம் கொடுத்தாப்பல ஆயிடும்."

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பெரியப்பா மேல்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தார், என்னை அழைத்துப் போக. அவரைக் கெட்டவர் என்று இன்றுவரை நான் சொல்லமாட்டேன். எனக்காக அவர் வீட்டு ஊஞ்சலைத் தாழ்த்திக் கட்டிவிட்டு வந்திருந்தார். மடியில் வெல்ல அவல் பொட்டலம் வேறு.

அவரோடு நீ நேருக்கு நேர் பேசியதே இல்லை. உள்கட்டுக் கதவோரம் நின்று எங்கள் மூலமாகத்தான் பேசுவாய். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"பெரியப்பாகிட்டச் சொல்லுடி, நீ லண்டன் வரேன்னு."

பெரியப்பா கூடத்துத் தூணைப் பார்த்துக் கேட்டார்: "என்னத்துக்கு? காலுக்கு வைத்தியம் பண்ணவா? அப்படின்னா சொல்லட்டும், நான் ஒண்ணும் சொல்லலை."

ஒரு பொய் போதுமாக இருந்தது அம்மா. ஆமாம், வைத்தியத்துக்குத்தான் என்று நீ சொல்லியிருந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பியிருக்கும். நீ கதவை விட்டு வெளியே வந்தாய். கூடத்து நடுவில் வந்து நின்றாய்.

"வைத்தியத்துக்கு இல்லை. ஊர் பாக்க. அவ தம்பி எதுக்கு வரானோ அதுக்குத்தான் அவளும் வரா."

பெரியப்பா தூணை விட்டு உன் பக்கம் திரும்பினார். "என் தம்பி உத்தியோகத்துக்குப் போனான், போகட்டும். பொம்மனாட்டி, குழந்தைகளை இழுத்துண்டு சமுத்திரம் தாண்டறதாவது! திரும்பி வந்தா நம்ம மேல்கோட்டைக் கோயில்ல உனக்குத் தீர்த்தம் கிடைக்காது, தெரியுமோ? பிராயச்சித்தம் பண்ணினாத்தான்."

"நம்ம ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெருமாள் பாற்கடல்லதானே படுத்துண்டிருக்கார்? சமுத்திரம் தீட்டுன்னா அவருக்கு முதல்ல பிராயச்சித்தம் பண்ணுங்கோ. அவர் பின்னாடி நான் வரிசையில நிக்கறேன்."

நான் பயத்தில் தூணைக் கட்டிக்கொண்டேன். பெரியப்பா உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லு கண்ணு. அங்கெல்லாம் உன்னால முடியாதும்மா. பெரியப்பாவோட வரயா?"

நீ எனக்காகப் பேசுவாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் என் வார்த்தைக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நான் லண்டன் போறேன் பெரியப்பா. வந்து உங்காத்து ஊஞ்சல்ல ஆடறேன்."

அவர் அவல் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, நீ கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

ரயில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரிப் பாலத்தைக் கடந்தபோது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாய். பம்பாயில் கப்பல் ஏணியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். யாருக்காகவும் நீ அவசரப்படவில்லை, என்னை அவசரப்படுத்தவும் இல்லை.

லண்டன் துறைமுகத்தில் அப்பா குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? நீ அவருக்குச் சொல்லவே இல்லை! உன்னையும் தம்பியையும் பார்த்துக் கையை ஆட்டியவர், உனக்குப் பின்னால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கும் என்னைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினார். ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கழுத்தெல்லாம் ஈரமாக இருந்தது, அழுதது அவரா நானா தெரியாது.

"இறக்கி விடுங்கோ, அவ நடப்பா" என்றாய்.

இறக்கிவிட்டார். நாலு பேரும் நடந்தோம், என் நடைக்கு.

அந்த ஊரில் நாம் பார்த்ததைவிட பார்க்காமல் விட்டது அதிகம். பூங்கா பெஞ்சுகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாள் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் காலைப் பார்த்துப் பரிவோடு, எந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அப்பா பதில் சொல்வதற்குள் நீ முந்திக்கொண்டாய்: "நோ ஆஸ்பிடல். சீயிங். ஒன்லி சீயிங்." நீ பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். மைசூரில் கேட்டதற்கும் பதில் அதுவேதான், பாஷைதான் வேறு. அவள் சிரித்துவிட்டு ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் மேல்கோட்டைக்குப் போனோம். பெரியப்பா சொன்னபடியே நடந்தது. அர்ச்சகர் வரிசையில் ஒவ்வொருவருக்கும் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்து, நீட்டிய உன் கையைத் தாண்டிப் போனார். குழந்தைகள் என்று எங்களுக்குக் கொடுத்தார். நான் குடிக்காமல் உன்னைப் பார்த்தேன். "குடி" என்றாய். உன் வெறுங்கையை நீ உடனே மடக்கவில்லை, அவர் அந்தக் கோடி வரை போய்த் திரும்பும்வரை நீட்டியபடியே நின்றாய்.

பிராயச்சித்தத்துக்கு அப்பாவே உன்னைக் கெஞ்சினார். "என்ன பாவம் பண்ணினேன்னு ஒருத்தர் சொல்லட்டும், பண்ணறேன்" என்றாய். யாரும் சொல்லவில்லை. நீயும் பண்ணவில்லை. ஒவ்வொரு உற்சவத்துக்கும் போனாய், வரிசையில் நின்றாய், கையை நீட்டினாய். நான் பெரியப்பா வீட்டு ஊஞ்சலில் ஆடினேன். அவர் பக்கத்தில் நின்று ஆட்டிவிட்டார். அவர் காலமான பிறகும் கோயிலில் அந்த வழக்கம் போகவில்லை. அர்ச்சகர் மாறினாலும் யாரோ ஒருவர் காதில் ஓதிவிடுவார்கள். பிறகு உன் முழங்கால் ஒத்துழைக்காமல் போயிற்று, மலையேறுவது நின்றது.

நீ கண்ணை மூடிய வருஷம் நான் தனியாக மேல்கோட்டைக்குப் போனேன். அர்ச்சகர் புதியவர், மீசை சரியாக முளைக்காத வயசு. தீர்த்த வட்டிலோடு என்னிடம் வந்தார். அவர் ஊற்றுவதற்கு முன் சொல்லிவிட்டேன்: "நான் மைசூர். பிராயச்சித்தம் பண்ணாம லண்டன் போயிட்டு வந்தவளோட பொண்ணு. நானும் போனவதான்."

அவர் விழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "எங்க அண்ணா அமெரிக்காலதான் இருக்கான் மாமி" என்று தீர்த்தத்தை ஊற்றினார்.

குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினேன்.

"உங்களுக்கு ஆயிடுத்தே?"

"இது எங்கம்மாவோடது. கொடுக்காம விட்டது நிறைய பாக்கி இருக்கு."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. ஊற்றினார். அம்மா, அன்றிலிருந்து ஒவ்வொரு உற்சவத்துக்கும் போகிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை வாங்குகிறேன். உன் பாக்கி முழுசாக இன்னும் தீரவில்லை.