காலை மடக்கிக்கொண்ட அரணை

நெய்வேலி,
12.9.1982

அன்பு மகள் கமலாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன். நீ இருக்கிற ஒரிஸ்ஸா பக்கம் மழை அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஈரத் துணியோடு அலையாதே.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே வந்துவிடப் போவதாக நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "பிள்ள வந்துட்டா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவ படிப்பு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பதிலை என்னிடம் விட்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

அதற்கு முந்தைய உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. ஆறாத சர்க்கரைப் புண்ணுக்காக வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து, என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம் அது. மணலுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் வாழ்கிற அரணைகளைப் பற்றி எழுதியிருந்தாய். இடுக்குகளில் நுழைந்து பிழைக்கிற வம்சங்களில், தலைமுறை தலைமுறையாக உடம்பு நீண்டு, கால் சிறுத்து, கடைசியில் சிலவற்றுக்குக் காலே இல்லாமல் போனது என்றாய். அவை ஒரு குறையும் இல்லாமல் வாழ்கின்றன என்றும் எழுதியிருந்தாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினாய். எனக்கோ கோபம் வந்தது. "அதுக்குக் கால் தேவைப்படல, போச்சு. எனக்குத் தேவைப்பட்டதை எடுத்துட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அப்புறம் ஊன்றுகோலைத் தொடவே இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தேன். மைன்ஸில் என்னோடு கன்வேயர் பெல்ட் பார்க்கும் கொளஞ்சிநாதனை உனக்குத் தெரியும், வளையமாதேவிக்காரர். ஷிப்ட் முடிந்ததும் வந்து நிற்பார். "அண்ணே, தரையிலயே தேச்சிகினு இருந்தா எப்படிண்ணே? மெடிக்கல் போர்டுல எழுந்து நின்னு காட்டணும். உக்காந்து பாக்குற வேலையாச்சும் குடுப்பாங்க. இல்லன்னா கம்பெனி குடுத்த இந்த வூடும் போயிடுங்க" என்பார். நான் கையை ஊன்றி உள்ளறைக்கு நகர்ந்துவிடுவேன்.

நேற்றுக் காலை பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அரணை தோட்டத்திலிருந்து ஏறி வந்தது. ஒல்லியாக, நீளமாக, கிட்டத்தட்ட ஒரு பாம்புக்குட்டி மாதிரி. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "வெசம்ங்க, தள்ளிக்கோங்க" என்றாள். விஷமில்லை என்று நீ எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

நானும் தரையில்தான் இருந்தேன், அதனால் அதன் கால்கள் என் கண்ணுக்கு நேரே தெரிந்தன. அரிசி நீளம்தான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து சிமெண்டுத் தரையில் மெதுவாக நடந்தது. அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்ட சத்தத்தில் படியிறங்கி, பலாச் சருகுக்குள் பாய்ந்தது. அங்கே அது காலை உபயோகிக்கவே இல்லை, கமலா. நாலையும் பின்னால் மடக்கி விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் வளைத்து வளைத்துப் போய்விட்டது. மெதுவாகப் போகக் கால், விரைந்து போக உடம்பு. நான் பார்த்தது சரிதானா?

இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் ஊன்றுகோலைக் கேட்டேன். படியில் ஒருமுறை விழுந்தேன், பெரிய அடி இல்லை. பலா மரத்தடி வரை போய்ச் சருகைக் கிளறிப் பார்த்தேன். அரணை அகப்படவில்லை. திரும்பினால் அம்மா படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

இரவு உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை கோபம் வரவில்லை. இவ்வளவு சின்ன ஜீவனை மழையிலும் வெயிலிலும் குனிந்து பார்க்க ஒரு மனசு வேண்டும். எனக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வராதே. அரணைக்கு எத்தனையோ தலைமுறை அவகாசம் கிடைத்தது. எனக்கு இருப்பது இந்த ஒரு பிறவி, அதை நான் ஊன்றுகோலோடு பழகிக்கொள்கிறேன். இந்த மாதக் கடைசியில் போர்டு. கொளஞ்சிநாதன் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். காலே இல்லாத அரணைகளுக்கு உள்ளே பழைய எலும்பு ஏதாவது மிச்சம் இருக்குமா? எனக்குச் சில சமயம் இல்லாத பாதத்தில் சுண்டுவிரல் அரிக்கிறது. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் எழுது.

வேலை முடிந்த பிறகு, லீவு கிடைத்தால் மட்டும், பொங்கலுக்கு வா. எந்த பஸ் என்று முன்கூட்டியே எழுதிவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு வேறு யாரையும் அனுப்பப் போவதில்லை. நானே வந்து நிற்பேன், கொஞ்சம் முன்னதாகவே.

நீ எடுத்த காரியம் முழுசாகக் கைகூட வேண்டும். தெய்வம் உனக்குத் துணையிருக்கும்.

உன் அப்பா,
கருப்பசாமி